காரில் நாம் மறந்துவிடும் பராமரிப்பு வேலைகள்: மட்டக்களப்பு, அம்பாறை வாகன உரிமையாளர்களுக்கான முழுமையான வழிகாட்டி

எஞ்சின் ஒயில் மாற்றுவதை நம்மவர்கள் பெரும்பாலும் மறப்பதில்லை. சேர்விஸ் நிலையத்தில் ஒட்டிவிடும் சிறிய அட்டை அடுத்த தவணையை நாள்தோறும் கண்முன் காட்டிக்கொண்டிருக்கிறது. அட்டை ஒட்டப்படாத வேலைகள்தான் தவறிப்போகின்றன. வழியில் நின்றுபோகும் கார்களைத் திறந்து பார்த்தால், நான் பார்த்த அளவில், ஒயில் சரியாகவே இருக்கும். பற்றரி முனை அரித்துப்போயிருக்கும், அல்லது றேடியேற்றரில் கிணற்றுத் தண்ணீர் நிரம்பியிருக்கும்.

இவ்வேலைகளில் பெரும்பாலானவை கடினமானவை அல்ல. புதியவர்கள் தடுமாறுவது ஒழுங்கில்தான். சில வேலைகளை இரவு முழுவதும் நின்று குளிர்ந்த வாகனத்தில் மட்டுமே சரியாகச் செய்யலாம். சில குறைகள் நெடுந்தூரம் ஓடி வந்த பின்னரே தெரியும். இரண்டையும் கலந்து செய்தால் அளவுகள் பிழைக்கும், சில வேளை கையும் சுடும். ஆகவே இவ்வழிகாட்டி காலையில் குளிர்ந்த காரில் தொடங்கி, ஓட்டி வந்து நிறுத்திய காரில் முடிகிறது.

ஆண்டுக்கு இரண்டு நாட்களை ஒதுக்கினால் போதும். முதலாவது, வாடைக்காற்றோடு வரும் பெருமழைக்கு முன்னர், புரட்டாதி மாதத்தில். இரண்டாவது, பெரும்போக அறுவடை முடிந்து வைக்கோல் தூசு அடங்கும் பங்குனியில். எழுவான்கரையில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே வாழ்பவர்களின் கார்களுக்கு உப்புக்காற்று எதிரி. படுவான்கரையிலும் அம்பாறையின் வயல் ஊர்களிலும் புழுதியும் உமியும் எதிரி. எந்தப் பகுதியில் ஓடுகிறீர்களோ அதற்குரிய படிகளுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

1. தொடங்குவதற்கு முன் தேவையானவை

ரயரில் காற்று அளக்கும் கேஜ், சாதாரண டிஜிற்றல் மல்ட்டிமீற்றர், 10 மில்லிமீற்றர் ஸ்பனர், பழைய பல்தூரிகை, அப்பச்சோடா, கைவிளக்கு, கையுறை, மென்மையான துணி, ஒரு கொப்பி ஆகியன வேண்டும். கேஜை நீங்களே வைத்திருப்பது முக்கியம். பெற்றோல் செட்டில் உள்ள மானி பலர் கையில் அடிபட்டு வருவது. அது காட்டும் அளவை வைத்து நான்கு ரயர்களையும் ஒப்பிடலாமே தவிர, முழுமையாக நம்ப முடியாது.

காரை மட்டமான தரையில் நிறுத்துங்கள். நமது கரையோர முற்றங்கள் மணற்பாங்கானவை. ஜாக்கியை மணலில் நேரே வைத்தால் ஒரு பக்கம் புதைந்து கார் சரியும். ஜாக்கியின் அடியில் தடித்த பலகை ஒன்றை வைத்து, எதிர்ப்பக்கச் சில்லுகளுக்குக் கல் அண்டை கொடுங்கள். ஜாக்கியில் மட்டும் நிற்கும் காரின் கீழ் எக்காரணம் கொண்டும் தலையையோ கையையோ நுழைக்கக் கூடாது.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் மேலும் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, காரை முற்றாக நிறுத்தித் திறப்பை வீட்டுக்குள் வைத்துவிட்டு வரவேண்டும். “ரெடி” விளக்கு எரியும் நிலையில், சத்தமில்லாமல் நிற்கும் எஞ்சின் எந்நேரத்திலும் தானாக இயங்கத் தொடங்கலாம். இரண்டாவது, செம்மஞ்சள் நிற உறையுடைய கேபிள்கள் எதையும் தொடக் கூடாது. அவற்றில் உயர் மின்னழுத்தம் இருக்கிறது.

2. பொனட்டைத் திறப்பதற்கு முன் கொப்பியைத் திறவுங்கள்

இப்படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். இன்றைய திகதி, ஓடிய கிலோமீற்றர், பிரேக் ஒயில், கூலன்ட், கியர் ஒயில், பற்றரி, ரயர் ஆகியவை கடைசியாக மாற்றப்பட்ட காலம் என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். தெரியாதவற்றுக்கு எதிரே “தெரியாது” என்றே எழுதுங்கள். தெரியாத ஒன்றை மாற்றப்படாத ஒன்றாகவே கொள்ள வேண்டும்.

இதற்குக் காரணம் உண்டு. எஞ்சின் ஒயில் பெரும்பாலும் ஓடிய தூரத்தால் பழுதாகிறது. பிரேக் ஒயிலும் ரயரும் பற்றரியும் ஓடாமல் நின்றாலும் காலத்தால் பழுதாகின்றன. ஆசிரியர் ஒருவர் வீட்டிலிருந்து பாடசாலைக்கு மட்டும் ஓட்டும் கார் ஆண்டுக்கு 5,000 கிலோமீற்றர்கூட ஓடாது. “குறைவாக ஓடிய வண்டி” என்று நிம்மதியாக இருப்பவர்களின் கார்களில்தான் ஆறேழு ஆண்டுப் பழைய பிரேக் ஒயிலைக் காண்கிறோம்.

ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்த கார் என்றால், ஓட்டுநர் கதவின் உட்சட்டத்திலும் பொனட்டின் உட்புறத்திலும் ஒட்டப்பட்டுள்ள தாள்களைக் கைபேசியில் படம் பிடித்து மொழிபெயர்த்துப் பாருங்கள். அங்கே செய்த பராமரிப்பின் திகதிகள் சிலவற்றில் இன்னும் இருக்கும். கழுவும்போது அழுக்கென்று உரித்து எறிந்துவிட வேண்டாம்.

3. பற்றரி: ஸ்டார்ட் செய்வதற்கு முன்

இரவு முழுவதும் நின்ற காரில், திறப்பைத் திருப்புவதற்கு முன்னர், மல்ட்டிமீற்றரால் பற்றரியின் இரு முனைகளையும் அளவிடுங்கள். 12.6 வோல்ட் அளவில் இருந்தால் முழுமையாக நிரம்பியிருக்கிறது. 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால் பங்கு, 12.2 என்றால் அரைவாசி. காரை ஓட்டி வந்தவுடன் அளந்தால் மேலோட்டமான மின்னேற்றத்தால் நல்ல பற்றரி போலவே காட்டும். அதனால்தான் இது முதலில் வருகிறது.

பின்னர் ஸ்டார்ட் செய்து மீண்டும் அளவிடுங்கள். பெரும்பாலான கார்களில் 13.5 முதல் 14.7 வோல்ட் வரை காட்ட வேண்டும். அதைவிடக் குறைந்தால் பழுது பற்றரியில் இல்லாமல், அதற்கு மின்னேற்றும் ஓல்ட்டர்னேற்றரிலோ பெல்ற்றிலோ இருக்கலாம். புதிய பற்றரி வாங்கிப் பணத்தை வீணாக்குவதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும். சில புதிய கார்கள் எரிபொருளைச் சேமிப்பதற்காக மின்னேற்றத்தைத் தாமே குறைத்துக்கொள்வதால், முன்விளக்கைப் போட்டுவிட்டு அளப்பது நல்லது.

முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் காரை நிறுத்திவிட்டுக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். கல்லடி, காத்தான்குடி, கல்முனை போன்ற கடலோர ஊர்களில் இது விரைவாகவே பூத்துவிடுகிறது. மறைமுனையை (−) முதலில் கழற்றுங்கள், நேர்முனையை (+) அடுத்துக் கழற்றுங்கள். பூட்டும்போது நேர்முனை முதலில், மறைமுனை கடைசியில். காரின் உடல் முழுவதும் மறைமுனையோடு இணைந்திருப்பதால், நேர்முனையை முதலில் கழற்றும்போது ஸ்பனர் தவறி உடலில் பட்டால் பெருந்தீப்பொறி பறக்கும்.

வெந்நீரில் கரைத்த அப்பச்சோடாவைப் பல்தூரிகையால் தேய்த்து, சுத்தமான நீரால் துடைத்து, நன்றாக உலர்த்திப் பூட்டிய பின்னர் முனைகளின் மேல் மெல்லிய வசிலின் பூச்சு கொடுங்கள். பூச்சை முதலில் தடவிவிட்டுப் பூட்டுவது பிழை. உலோகத்தோடு உலோகம் இறுக அணைந்த பிறகு வெளியே பூசுவதே உப்புக்காற்றைத் தடுக்கும்.

ஓர் எச்சரிக்கை: ஜப்பானிலிருந்து வந்த சில கார்களில் பற்றரியைக் கழற்றியதும் வானொலித் திரை இரகசிய இலக்கம் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். அத்தகைய திரை இருந்தால், இலக்கம் கையில் இல்லாமல் பற்றரியைக் கழற்ற வேண்டாம். அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்கள் பலவற்றில் 12 வோல்ட் பற்றரி பொனட்டுக்குள் இல்லாமல் பின்புறத்தில் இருக்கிறது. அங்கே வாயுவை வெளியேற்றும் சிறு குழாய் ஒன்றும் இணைந்திருக்கும். மலிவான சாதாரண பற்றரியை அந்த இடத்தில் வைத்து, குழாயைத் தொங்கவிட்ட கார்களைக் கண்டிருக்கிறேன். மூடிய அறைக்குள் அமில வாயு தேங்குவது உடலுக்கும் காருக்கும் கேடு.

4. ரயர்: ஓடுவதற்கு முன் அளப்பதே அளவு

ஓட்டுநர் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒரு தாள் இருக்கும். முன்ரயருக்கும் பின்ரயருக்கும் உரிய காற்றழுத்தம் அதில் உண்டு. ஜப்பானியக் கார்களில் அது கிலோபாஸ்கல் அலகில் இருக்கும்: 220 என்றால் ஏறத்தாழ 32 பி.எஸ்.ஐ., 230 என்றால் 33, 250 என்றால் 36. ரயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் பெரிய எண் அந்த ரயர் தாங்கும் உச்ச அழுத்தம். அதைக் காருக்குரிய அளவென்று நினைத்து நிரப்புவது அடிக்கடி நடக்கும் தவறு.

தாளில் உள்ள அளவு குளிர்ந்த ரயருக்கானது. ரயரின் வெப்பம் 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை முதல் 2 பி.எஸ்.ஐ. வரை கூடும். ஆடி மாதத்துக் கச்சான் காற்றில், கொதிக்கும் வீதியில் முப்பது கிலோமீற்றர் ஓடிவந்து பெற்றோல் செட்டில் அளந்தால் கூடுதலாகத்தான் காட்டும். “காற்று கூடிவிட்டது” என்று அதை வெளியேற்றிவிட்டால், மறுநாட் காலையில் ரயர் குறைந்த காற்றோடு நிற்கும். காற்றுக் குறைந்த ரயரே அதிகம் மடிந்து, சூடேறி, வெடிக்கிறது.

அடுத்ததாக வயதைப் பாருங்கள். பக்கச்சுவரில் “டொட்” (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. ஆறு ஆண்டுகளைத் தாண்டிய ரயரில், பூ (வீதியைத் தொடும் பகுதியின் பள்ளக்கோலம்) எவ்வளவு ஆழமாக இருந்தாலும், பக்கச்சுவரில் நுண்வெடிப்புகள் உண்டா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். பத்து ஆண்டுகளைத் தாண்டியதை வைத்திருக்கவே கூடாது. குறைவாக ஓடும் கார்களின் ரயர்கள் தேயாமலே முதுமையடைந்துவிடுவதால், பூவை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாந்து போகிறார்கள்.

பூவின் ஆழத்துக்கும் அளவு உண்டு. பள்ளங்களின் அடியில் குறுக்காக எழுந்திருக்கும் சிறு மேடு 1.6 மில்லிமீற்றர் உயரமானது. பூ தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் ரயர் முடிந்தது. மழைக்காலத்துக்கு முன்னரே, அந்த நிலையை நெருங்குவதற்குள் மாற்றுவது நல்லது. ஸ்ரியரிங்கை முழுமையாக ஒரு பக்கம் திருப்பி, முன்ரயரின் உட்புறத் தோளையும் கையால் தடவிப் பாருங்கள். சில்லுகளின் கோணம், அதாவது அலைன்மென்ற், பிழைத்த காரில் வெளிப்புறம் நன்றாக இருக்க, உட்புறம் கம்பி தெரியுமளவுக்குத் தேய்ந்திருக்கும்.

மேலதிகச் சில்லை அளக்க மறக்க வேண்டாம். மெல்லிய சிறிய சில்லு என்றால் அதற்கு 420 கிலோபாஸ்கல், அதாவது ஏறத்தாழ 60 பி.எஸ்.ஐ. வேண்டும், அதைப் பூட்டியபின் மணிக்கு 80 கிலோமீற்றரைத் தாண்டக் கூடாது. டிக்கியின் அடித்தட்டைத் தூக்கியபோது சில்லே இல்லை, ஒரு போத்தலும் சிறிய காற்றுப் பம்பும் மட்டுமே இருக்கின்றன என்று முதன்முறையாக அறிந்து திகைத்தவர்கள் பலர். அந்தப் போத்தலில் உள்ள பசைக்குக் காலாவதித் திகதி உண்டு. சியம்பலாண்டுவைக்கும் பொத்துவிலுக்கும் இடையில் இரவில் நின்றுகொண்டு அத்திகதியைப் படிக்கும் நிலை வேண்டாம், இன்றே பார்த்துவிடுங்கள்.

5. கூலன்ட்: கை பொறுக்கும் சூடு போதாது, முழுமையாகக் குளிர வேண்டும்

இந்தப் பகுதியை நிதானமாக வாசியுங்கள். நமது மாவட்டங்களில் எஞ்சின்கள் கெடுவதற்கு நான் கண்ட பெருங்காரணம் இதுவே.

றேடியேற்றர் மூடி வெறும் மூடி அன்று. அது உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது; அழுத்தம் கூடும்போது நீரின் கொதிநிலையும் கூடுகிறது. அதனால் 100 பாகையைத் தாண்டியும் உள்ளே இருப்பது கொதிக்காமல் நீராகவே இருக்கும். சூடான நிலையில் மூடியைத் திறந்தவுடன் அழுத்தம் போய்விட, அது அந்தக் கணமே கொதித்து முகத்தில் பீறிடும். ஓடிவந்த கார் குளிர இரண்டு மணித்தியாலமாவது வேண்டும். காலையில் பார்ப்பதே சிறந்தது.

முதலில் பக்கத்திலுள்ள பிளாஸ்ரிக் தொட்டியில் மேல், கீழ்க் கோடுகளுக்கு இடையில் அளவு இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலானோர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். தொட்டி நிறைந்திருந்தும் றேடியேற்றர் குறைந்திருக்க இடமுண்டு. எஞ்சின் குளிரும்போது தொட்டியிலிருந்து நீரை மீண்டும் இழுப்பது மூடியின் ரப்பரும் சிறு வால்வும் சரியாக வேலை செய்தால் மட்டுமே; ரப்பர் வெடித்துவிட்டால் நீர் தொட்டிக்குப் போகும், திரும்பி வராது. ஆகவே குளிர்ந்த காரில் மூடியையும் திறந்து, கழுத்து வரை நிறைந்திருக்கிறதா என்றும் ரப்பர் மென்மையாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மூடி மாற்றுவதென்றால் அதன் மேல் பொறித்திருக்கும் அழுத்த எண்ணுக்குரிய மூடியையே வாங்குங்கள்.

குறைந்திருந்தால் கிணற்றுத் தண்ணீர் ஊற்றக் கூடாது. நமது கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவர் உண்டு. உள்நாட்டுக் கிணறுகள் பலவற்றில் கேத்தலில் வெள்ளையாகப் படியும் கனிமம் உண்டு. முன்னது அலுமினியத்தை அரிக்கிறது. பின்னது நுண்குழாய்களை அடைக்கிறது. கூலன்ட் என்பது சூட்டைக் கடத்தும் நீர் மட்டுமன்று, உலோகம் அரிக்காமல் காக்கும் மருந்தும் அதில் கலந்திருக்கிறது. “நமது நாட்டில் பனி உறையாது, நமக்கு எதற்குக் கூலன்ட்” என்ற பேச்சை நம்பியவர்கள் ஓரிரு ஆண்டுகளில் வாட்டர் பம்பை மாற்றுகிறார்கள். வீதியில் வேறு வழியில்லாமல் நீர் ஊற்ற நேர்ந்தால் போத்தல் குடிநீர் ஊற்றி வீடு சேர்ந்து, முழுவதையும் வடித்துப் புதிதாக நிரப்புங்கள்.

வெவ்வேறு நிறக் கூலன்ட்களைக் கலக்க வேண்டாம். டொயோட்டாவின் இளஞ்சிவப்பு வேறு, ஹொண்டாவின் நீலம் வேறு. அதேவேளை நிறம் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றென்றும் ஆகிவிடாது. காரின் கைநூல் சொல்லும் வகையையே, நீர் கலக்கத் தேவையில்லாத நிலையில் விற்பதாக வாங்கி ஊற்றுவது புதியவர்களுக்குப் பாதுகாப்பானது. டொயோட்டா ஹைபிரிட் காரில் இன்னொரு சிறிய தொட்டியும் உண்டு. அது மின்னோட்டத்தின் வகையை மாற்றும் இன்வேர்ட்டரைக் குளிர்விப்பது. எஞ்சின் தொட்டியை மட்டும் பார்த்து இதை விட்டுவிட்டால், பழுது எஞ்சினைவிட விலையுயர்ந்த பகுதியில் வரும்.

கடைசியாக, கைவிளக்கால் றேடியேற்றரின் முகத்தைப் பாருங்கள். அறுவடைக் காலத்தில் வைக்கோற் துணுக்குகளும் பூச்சிகளும் அதன் இதழ்களில் செருகி நிற்கும். சாதாரண குழாய் நீரை, இயலுமானால் எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மென்மையாக விட்டுக் கழுவுங்கள். சேர்விஸ் நிலையத்தின் உயரழுத்தப் பீச்சியை அருகில் பிடித்தால் இதழ்கள் மடிந்து, காற்று நிரந்தரமாகத் தடைப்படும்.

6. மூன்று பில்ரர்கள், அவற்றில் இரண்டை யாரும் பார்ப்பதில்லை

எஞ்சினின் காற்றுப் பில்ரர் எல்லோரும் அறிந்தது. அதை வெளியே எடுத்து, சூரியனை நோக்கிப் பிடித்தால் ஒளி ஊடுருவ வேண்டும். நெல் காயவைத்த வீதிகளில் நாள்தோறும் ஓடும் கார்களில் கைநூல் சொல்லும் தூரத்தின் அரைவாசியிலேயே அடைபடலாம். பெற்றோல் செட்டின் காற்றுக் குழாயை நேரே வைத்து ஊதினால் தாளில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும். பிறகு அந்தப் பில்ரர் புழுதியைத் தடுப்பதாகத் தோற்றம் மட்டுமே தரும். தட்டி உதறுங்கள், அல்லது உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகக் குறைந்த காற்றில் ஊதுங்கள். கறுத்திருந்தால் மாற்றுங்கள்.

இரண்டாவது ஏ.சி.யின் பில்ரர். பெரும்பாலான ஜப்பானியக் கார்களில் முன்பயணியின் எதிரேயுள்ள பெட்டியைக் கழற்றினால் பின்னால் இருக்கும். ஆயுதம் எதுவும் தேவையில்லை. ஏ.சி. குளிர்வதில்லை என்று வாயு நிரப்பப் போகிறவர்களில் பலருக்குத் தேவைப்படுவது இந்தப் பில்ரரே. சட்டத்தில் காற்றோட்டத்தின் திசையைக் காட்டும் அம்புக்குறி உண்டு. அதைப் பார்த்துப் பூட்டுங்கள்.

மூன்றாவது ஹைபிரிட் கார்களுக்கு உரியது. உயர் மின்னழுத்தப் பற்றரியைக் குளிர்விக்கும் விசிறி, பின் இருக்கையின் பக்கத்திலோ அடியிலோ உள்ள ஒரு துவாரத்தின் வழியாகக் காருக்குள் இருக்கும் காற்றை இழுக்கிறது. சில கார்களில் அங்கே சிறு பில்ரர் உண்டு. சிலவற்றில் விசிறி மட்டுமே. எங்கள் உறவினர் ஒருவரின் அக்வாவில் எச்சரிக்கை விளக்கு எரிந்தபோது, முழுப் பற்றரியையும் மாற்ற வேண்டும் என்று ஒரு கராஜில் சொல்லிவிட்டார்கள். துவாரத்தைத் திறந்தபோது துணி இழையும் மணலும் மெத்தைபோல் படிந்திருந்தன. அதைச் சுத்தம் செய்த பின்னர் அதே பற்றரியில் கார் தொடர்ந்து ஓடியது.

எல்லாப் பற்றரிகளும் இப்படிப் பிழைக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் சூடு பற்றரியின் ஆயுளைக் குறைக்கிறது என்பதில் ஐயமில்லை. துவாரத்தின் மேல் பாடசாலைப் பையையோ மெத்தையையோ வைக்க வேண்டாம். வெளிப்பக்கத்தைத் தூசு உறிஞ்சியால் நீங்களே சுத்தம் செய்யலாம். விசிறியைக் கழற்ற வேண்டுமானால் ஹைபிரிட் வேலை அறிந்தவரிடமே கொடுங்கள்.

7. மழைக்கு முன் நீர்வழிகளைத் திறந்துவிடுங்கள்

முன் கண்ணாடியின் அடியில், வைப்பர்களுக்குக் கீழே, ஒரு பள்ளம் இருக்கிறது. வேம்பின் கீழோ புளியின் கீழோ நிறுத்தும் காரில் சருகுகள் அங்கே உக்கி, இரு ஓரங்களிலும் உள்ள நீர்த்துளைகளை அடைத்துவிடும். கார்த்திகை மழையில் அந்த நீர் வெளியேற வழியின்றிக் காருக்குள் இறங்கும். சருகை மேலே கழுவித் தள்ளாமல் கையால் அள்ளி எடுங்கள். கழுவினால் அது துளைக்குள்ளேயே போய் இறுகும்.

கதவுகளின் அடி ஓரத்திலும் சிறு துளைகள் உண்டு. ஈர்க்கிலால் அவற்றைத் துழாவிவிடுங்கள். கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் மழைநீர் வெளியேறுவது அவ்வழியேதான். அடைபட்டால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். கதவின் கீழ் விளிம்பில் வண்ணம் பொங்கித் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

ஏ.சி. போட்டு நிற்கும் காரின் கீழே நீர் சொட்டுவது நல்லது. சொட்டாமல் முன்பயணியின் காலடி விரிப்பு நனைந்திருந்தால் வடிகுழாய் அடைபட்டிருக்கிறது.

வைப்பர் ரப்பரை வெயில் கெடுக்கிறதே தவிர மழை கெடுப்பதில்லை. ஆகவே முதல் மழைக்கு முன்னரே மாற்றுங்கள்.

8. பிரேக் ஒயிலும் கலிப்பர் ஊசிகளும்

பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிய டொட் 3 ஒயிலின் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ். ஈரம் ஏறிய நிலைக்கான வரையறை 140. டொட் 4 இல் அவை 230, 155. மட்டக்களப்பு நகருக்குள் ஓடும்போது இந்த வேறுபாடு தெரியாது. பதுளையிலிருந்து லுணுகலை வழியாகப் பிபிலைக்கு இறங்கும் ஏ5 வீதியில், தொடர்ந்து பிரேக்கை மிதித்து இறங்கும்போது, உள்ளே ஈரம் ஆவியாகும். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது; மிதி தரைவரை போகும், கார் நிற்காது.

ஆகவே ஓடிய தூரம் எதுவாயினும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுமையாக மாற்ற வேண்டும். “மாற்றுங்கள்” என்று மட்டும் சொன்னால், தொட்டியில் உள்ளதை உறிஞ்சிப் புதியதை ஊற்றித் தந்துவிடுவார்கள். நான்கு சில்லுகளிலும் பிளீட் செய்து, புதிய நிறம் வரும்வரை பழையதை வெளியேற்றித் தருமாறு கேளுங்கள். ஹைபிரிட் கார்களில் இதற்குக் கணினிக் கருவி தேவைப்படுவதால், அது உள்ள இடத்துக்கே போங்கள். திறந்து வைத்து நெடுநாளான போத்தலில் மிஞ்சிய ஒயிலை ஊற்ற அனுமதிக்க வேண்டாம்.

தொட்டியில் அளவு இறங்கியிருந்தால் உடனே நிரப்பிவிடாதீர்கள். பிரேக் பாட் தேயத் தேய அளவு மெதுவாக இறங்குவது இயல்பு. முதலில் பாட்டின் தடிப்பைப் பாருங்கள். பாட் தடிப்பாக இருந்தும் அளவு இறங்கினால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது, அந்தக் காரை ஓட்டக் கூடாது.

பாட் மாற்றும்போது, பாட்டைப் பிடித்து அழுத்தும் கலிப்பர் வழுக்கி நகரும் ஊசிகளைக் கழற்றித் துடைத்து, அதற்கென்றே விற்கும் சிலிக்கன் கிறீஸ் பூசச் சொல்லுங்கள். சாதாரண கிறீஸ் ரப்பரை ஊதச் செய்யும். உப்புக்காற்றில் இவ்வூசிகள் இறுகி ஒரு பாட் மட்டும் தேய்வது நமது பகுதியில் மிகவும் பொதுவானது.

9. கியர் ஒயில்

“வாழ்நாள் முழுவதும் மாற்றத் தேவையில்லை” என்பது வெப்ப நாட்டுக்குப் பொருந்தாத நம்பிக்கை. கைநூலில் கடினமான பாவனைக்குரிய தூரம் என்று தனியாக ஒரு நிரை இருக்கும், அதையே பின்பற்றுங்கள். படிகளின்றி மாறும் சி.வி.ரி. கியருக்குச் சாதாரண ஓட்டோ கியர் ஒயிலை ஊற்றினால் உள்ளேயுள்ள உலோகப் பட்டி வழுக்கிக் கெடும். ஊற்றுவதற்கு முன் போத்தலின் பெயரை நீங்களே வாசியுங்கள்.

10. அடிப்பகுதி: உப்பும் வெள்ளமும்

காரின் மேற்பகுதியை மினுங்கத் துடைப்பவர்கள் அடியை மறந்துவிடுகிறார்கள். பாசிக்குடாவிலோ அறுகம்பையிலோ கடற்கரை மணலில் நிறுத்தி வந்தால், அன்றே சுத்தமான நீரால் அடிப்பகுதியையும் சில்லுக் கூடுகளின் உட்புறத்தையும் கழுவுங்கள். எஞ்சினுக்கு மேலிருந்து உயரழுத்த நீர் அடிக்க விட வேண்டாம். மின் இணைப்புகளுக்குள் நீர் புகும்.

மார்கழி வெள்ளத்தில் கார் நின்றுபோனால் மீண்டும் ஸ்டார்ட் செய்ய முயல்வதே பெருந்தவறு. காற்றுக் குழாய் வழியே நீர் எஞ்சினுக்குள் போயிருந்தால், அமுங்காத அந்த நீரை அமுக்க முயன்று பிஸ்ரன் தண்டுகள் வளைந்துவிடும். பற்றரி மறைமுனையைக் கழற்றிவிட்டு இழுத்துச் செல்லுங்கள். நிற்காமல் கடந்துவிட்டாலும், முதலில் மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை இலேசாக மிதித்து உலர்த்துங்கள். வீடு வந்ததும் எஞ்சின் ஒயிலின் அளவுகோலை எடுத்து, ஒயில் பாலேறிய தேநீர் நிறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் நீர் கலந்துவிட்டது.

வெள்ளமும் அறுவடையும் எலிகளை வீடுகளுக்குத் துரத்தும். சில நாட்கள் ஓடாமல் நின்ற காரில், பொனட்டைத் திறந்து வயர்கள் கடிபட்டிருக்கின்றனவா, காற்றுப் பில்ரர் பெட்டிக்குள் கூடு இருக்கிறதா என்று பார்த்த பின்னரே ஸ்டார்ட் செய்யுங்கள்.

11. ஓட்டிப் பார்த்து முடிக்கும் படி

சில்லுகளைக் கழற்றிப் பூட்டியிருந்தால் 100 கிலோமீற்றர் ஓடிய பின் நட்டுகளை மீண்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும். மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்றுக்கு ஏ4 வீதியில் போய்வந்தால் அந்தத் தூரம் கிடைத்துவிடும். டொயோட்டாவின் சிறிய கார்கள் பலவற்றுக்கு நட்டின் இறுக்கம் 103 நியூட்டன் மீற்றர். உங்கள் காருக்குரியதைக் கைநூலில் பாருங்கள். காற்றுத் துப்பாக்கியால் அளவின்றி இறுக்கிய நட்டு, வீதியோரத்தில் உங்கள் கையால் கழலாது.

திரும்பி வந்து நிறுத்தியதும் ஒவ்வொரு சில்லின் அருகிலும், தொடாமல், உள்ளங்கையைக் கொண்டுபோங்கள். இரு முன்சில்லுகளும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அனல் வீசினால், எட்டாம் படியில் சொன்ன ஊசி இறுகி பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இது காலையில் குளிர்ந்த காரில் எவ்வளவு தேடினாலும் தெரியாத குறை.

பின்னர் காரின் கீழே ஒரு பழைய அட்டையை விரித்துவிட்டுப் போங்கள். மறுநாட் காலையில் அதில் விழுந்திருக்கும் துளிகளின் இடத்தையும் நிறத்தையும் பார்த்து, திகதியோடு கொப்பியில் எழுதி, கராஜுக்குப் போகும்போது அந்தக் கொப்பியைக் கையில் கொண்டுபோங்கள்.